தரவைக் காக்கும் உத்தியோகமும் அதற்குரிய யோக்கியதையும்

வங்கியில் பணம் செலுத்திவிட்டு ரசீதோடு வெளியே வருகிறவரும், ரயிலில் தமக்கு இடம் உறுதியாகிவிட்டது என்ற செய்தியைக் கைபேசியில் கண்டு நிம்மதியடைகிறவரும், ஆஸ்பத்திரியில் தம் தாயாரின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறவரும், தாங்கள் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவருடைய சிரத்தையை நம்பியே அந்தந்தக் காரியங்களைச் செய்கிறார்கள். அந்தப் பணக்கணக்கும், இருக்கை எண்ணும், பரிசோதனை முடிவும் ஏதோ ஒரு கணினியின் தரவுத்தளத்தில் பதிவாகின்றன. அப்பதிவுகள் கெடாமலும், அழியாமலும், அந்நியர் கையில் சிக்காமலும், உரியவர் கேட்ட க்ஷணத்தில் கிடைக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டிய உத்தியோகஸ்தரை டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று அழைக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக டி.பி.ஏ. என்பார்கள்.

மென்பொருள் நிறுவனங்களில் நிரல் எழுதுகிறவர்களாகவோ, டிக்கெட்டுகளைக் கவனிக்கும் சப்போர்ட் பிரிவிலோ சில ஆண்டுகளைக் கழித்த பலருக்கு, இந்த உத்தியோகத்துக்கு மாறலாமா என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் உதிக்கிறது. அந்த எண்ணத்தின் பின்னாலேயே, அதற்கு நான் தயாராகிவிட்டேனா என்ற சந்தேகமும் வந்து நிற்கிறது. சிலர் தாம் அறிந்த கட்டளைகளை எண்ணிப் பார்க்கிறார்கள். சிலர் பெற்ற சான்றிதழ்களை அடுக்கிப் பார்க்கிறார்கள். சிலர் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று ஒத்திப்போடுகிறார்கள். இந்த அளவுகோல்கள் எல்லாம் ஓரளவுக்கே பயன்படுபவை என்பது என் அபிப்பிராயம். தரவைச் சேமித்து வைக்கும் வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. தொலைந்துபோனதைத் திருப்பித் தரும் பொறுப்புக்காகவே ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆகையால், திருப்பித் தர உங்களால் முடியுமா என்ற ஒரே கேள்வியில் மற்றக் கேள்விகள் யாவும் அடங்கிவிடுகின்றன.

இந்த உத்தியோகம் எப்படி உண்டாயிற்று என்பதை அறிந்தால் அதன் தன்மை விளங்கும். கணினியின் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு கோப்பை வைத்துக்கொண்டிருந்தது. சம்பளப் பிரிவின் கோப்பைப் பற்றிச் சரக்குப் பிரிவுக்குக் கவலையில்லை. 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் என்பவர், பல நிரல்களும் ஒரே சேமிப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு முறையை அமைத்தார். 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட், பலரும் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகளை வரிசையும் பத்தியுமான எளிய அட்டவணைகளாகவே பாவிக்கலாம் என்று கணித ஆதாரத்தோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றைக்கு ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் என்று வழங்கும் சாதனங்கள் யாவும் அந்த விதையிலிருந்து முளைத்தவையே. பாக்மனுக்கு 1973-லும் காட் அவர்களுக்கு 1981-லும், கணினி இயலின் மிக உயர்ந்த கௌரவமாகிய டியூரிங் விருது கிடைத்தது.

பலருக்கும் பொதுவான சேமிப்பு என்ற நிலைமை ஏற்பட்டதும், அதுவரை இல்லாத ஒரு பிரச்சினை தோன்றியது. பொதுவான சொத்தை யார் பாதுகாப்பது? சம்பளப் பிரிவு தன் வசதிக்காக அட்டவணையை மாற்றினால் சரக்குப் பிரிவின் நிரல் நின்றுபோகலாம். ஒருவர் அவசரத்தில் அழித்த வரி மற்றொருவருக்கு ஜீவாதாரமாக இருக்கலாம். எந்தப் பிரிவையும் சாராமல், எல்லாப் பிரிவுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் தேவைப்பட்டார். டி.பி.ஏ. என்ற உத்தியோகத்தின் வேர் அந்தத் தேவையில்தான் இருக்கிறது. எத்தனையோ தொழில்நுட்பங்கள் வந்து போன பிறகும் அந்த வேர் மாறவில்லை.

அவ்வளவு பெரிய பொறுப்பு ஒரு நாளில் எவ்வாறு தகர்ந்துபோக முடியும் என்பதற்கும், யாருக்கு அதைத் தாங்கும் யோக்கியதை உண்டு என்பதற்கும், கிட்லேப் நிறுவனத்தில் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு நிகழ்ந்த சம்பவத்தைவிடச் சிறந்த பாடத்தை நான் அறியேன். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துப் பராமரிக்கும் தளம் அது. அன்று மாலை, வேண்டாத பதிவுகளைக் குவிக்கும் விஷமிகளின் தொல்லையால் தரவுத்தளத்தின் மீது பாரம் ஏறிற்று; முதன்மைச் சர்வரில் நிகழ்வதை உடனுக்குடன் நகலெடுத்து வைத்துக்கொள்ளும் இரண்டாம் சர்வர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி, கடைசியில் நின்றேபோயிற்று. அதை மறுபடி ஆரம்பத்திலிருந்து இணைப்பதற்காகப் பொறியாளர் ஒருவர் இரவில் நெடுநேரம் போராடினார். நகலெடுக்கும் கருவி எந்தச் செய்தியும் காட்டாமல் மௌனமாக நின்றுகொண்டிருந்ததால், இரண்டாம் சர்வரில் இருக்கும் காலிக் கோப்புறைதான் தடையோ என்று கருதி, அதை நீக்கும் கட்டளையை இட்டார். ஆனால் அந்தக் கட்டளை முதன்மைச் சர்வரில் ஓடிற்று. ஓரிரு விநாடிகளுக்குள் தவற்றை உணர்ந்து அவர் நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் மாத்திரமே மிஞ்சியிருந்தது.

இதுவரை நிகழ்ந்தது எந்த மனிதருக்கும் நேரக்கூடிய பிசகு. பாடம் அதற்கப்பால்தான் தொடங்குகிறது. நாள்தோறும் எடுக்கப்பட்டுத் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பப்பட வேண்டிய பேக்கப்பைத் தேடிப் போனார்கள். அங்கே ஒன்றுமே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் இயங்க, பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2 பதிப்பைச் சேர்ந்ததாக இருந்தபடியால், ஒவ்வொரு நாளும் அது தோல்வியடைந்து வந்திருக்கிறது. அந்தத் தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள், அனுப்புநரின் அடையாளச் சரிபார்ப்பில் தேறாமல் வழியிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. மேகக் கணினிச் சேவை அளித்த வட்டு நகல் வசதியோ, தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. பரிசோதனைக் காரியம் ஒன்றுக்காகச் சம்பவத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல் ஒன்று தற்செயலாக இருந்ததால் மட்டுமே அந்தத் தளம் பிழைத்தது. வேகம் குறைந்த வட்டிலிருந்து அதை மீட்டுக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மறுநாள் மாலையாகிவிட்டது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உண்டான சுமார் 5,000 திட்டங்களும், அதே அளவு கருத்துரைகளும், ஏறத்தாழ 700 புதிய பயனர் கணக்குகளும் மீளாமலே போயின.

அந்த நிறுவனம் இதை மறைக்காமல், மீட்பு வேலையை உலகம் பார்க்க நேரடியாக ஒளிபரப்பியதோடு, பின்பு காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து வெளியிட்டது. அது மிகவும் பாராட்டத் தக்க செயல். அந்த ஆராய்ச்சியில், பேக்கப்பை ஏன் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, அதைச் சோதிக்கும் பொறுப்பு குறிப்பிட்ட எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை என்பதுதான். நம்முடைய விஷயம் முழுவதும் அந்த விடையில் இருக்கிறது. பேக்கப் எடுக்கத் தெரிந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். அதிலிருந்து திருப்பித் தருவது என் கடமை என்று கருதியவர் ஒருவர் இல்லை. அப்படிக் கருதுகிறவருக்கும், கருதியதைச் செய்துகாட்டக் கூடியவருக்குமே டி.பி.ஏ. என்ற பெயர் பொருந்தும்.

எனவே உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள விரும்பினால், முதற்பரீட்சையை இங்கிருந்து ஆரம்பியுங்கள். ஒன்றுமே நிறுவப்படாத ஒரு வெற்றுக் கணினியில், பிறருடைய உதவியில்லாமல், ஒரு பேக்கப்பை ரெஸ்டோர் செய்து, வந்த தரவு முழுமையானதுதான் என்று நிரூபிக்க உங்களால் முடியுமா? அதற்கு மேலும் ஒரு படி: நேற்றிரவு எடுத்த பேக்கப்போடு, அதற்குப் பிறகு நிகழ்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைத்த லாக் கோப்புகளையும் வரிசையாகச் சேர்த்து, இன்று காலை 10.14 மணிக்கு ஒருவர் அட்டவணையைத் தவறாக அழித்தார் என்றால், 10.13 மணிக்கு இருந்த நிலைமைக்குத் தரவுத்தளத்தைக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா? எவ்வளவு நேரத்துத் தரவை இழக்க நிர்வாகம் சம்மதிக்கும், எவ்வளவு நேரத்துக்குள் மீட்டாக வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறீர்களா? இவற்றுக்குத் தயக்கமில்லாமல் ஆம் என்று சொல்லக் கூடியவர், தம் அனுபவத்தின் ஆண்டுக் கணக்கு எதுவாயினும், பாதி வழியைக் கடந்துவிட்டார். உடனுக்குடன் நகலெடுக்கும் ஸ்டான்ட்பை சர்வர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று எண்ணுகிறவர் இன்னும் வழியில் காலெடுத்து வைக்கவில்லை. ஏனெனில், தவறான அழிப்பு ஒன்று முதன்மைச் சர்வரில் நிகழ்ந்தால், அடுத்த கணமே ஸ்டான்ட்பையிலும் அது நகலாகிவிடும்.

இரண்டாவது பரீட்சை, வேகத்தைப் பற்றியது. நேற்றுவரை ஒரு விநாடியில் வந்த அறிக்கை இன்று பத்து நிமிஷம் எடுக்கிறது என்று புகார் வரும்போது, சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுவதுதான் முதலில் தோன்றும் யோசனையென்றால், கற்க வேண்டியது இன்னும் மிகுதி. தரவைக் கேட்டு நாம் எழுதும் குவெரி நமக்கு என்ன வேண்டும் என்பதை மாத்திரம் சொல்கிறது. அதை எந்த வழியில் தேடி எடுப்பது என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கிறது. ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் பட்ரிசியா செலிங்கரும் அவருடைய சகாக்களும் 1979-ஆம் ஆண்டு வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு வழிக்கும் ஆகக்கூடிய செலவை மதிப்பிட்டு மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் உபாயமே இன்றும் அடிப்படையாக நிற்கிறது. அந்த மதிப்பீடு, அட்டவணையில் எத்தனை வரிகள் உண்டு, அவை எவ்வாறு பரவியிருக்கின்றன என்ற புள்ளிவிவரங்களைச் சார்ந்தது. புள்ளிவிவரம் பழசாகிவிட்டால் நல்ல தரவுத்தளமும் கெட்ட வழியைத் தேர்ந்துவிடும். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போல, தேடும் இடத்துக்கு நேரே கொண்டு சேர்க்கும் இண்டெக்ஸ் இருந்தால் வேகம் கூடும். ஆனால் ஒவ்வொரு புது வரியும் நுழையும்போது ஒவ்வொரு இண்டெக்ஸையும் திருத்தியாக வேண்டுமாதலால், கணக்கில்லாமல் இண்டெக்ஸ் போடுகிறவர் படிப்பை வேகப்படுத்தி எழுதுவதை முடக்குகிறார். ஒரு குவெரியின் செயல்திட்டத்தைத் திரையில் விரித்துவைத்து, தாமதம் நேரும் இடத்தை விரலால் சுட்டிக்காட்டி, அது ஏன் என்று டெவலப்பருக்கு அமைதியாக விளக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பரீட்சை, மறுக்கும் திறனைப் பற்றியது. ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டும், ப்ரொடக்‌ஷன் தரவுத்தளத்தில் முழு அதிகாரம் கொடுங்கள் என்று நெடுநாள் நண்பர் கேட்கும்போது, நட்பும் கெடாமல் நியாயமும் கெடாமல் வேண்டாம் என்று சொல்லி, அவருடைய காரியம் நடக்க வேறு வழியையும் காட்ட வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தைப் பொருத்துவதற்குச் சர்வரை அரை மணி நேரம் நிறுத்தலாமா என்று கேட்டால், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொல்லும். அந்த ஒத்திப்போடலின் விலையை எடுத்துரைக்க வேண்டியவரும் டி.பி.ஏ.தான். 2003-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி எஸ்க்யூஎல் சர்வரின் ஒரு பலவீனத்தைப் பற்றிக்கொண்டு பரவிய ஸ்லாமர் என்ற நச்சு நிரல், ஏறக்குறைய 75,000 கணினிகளைத் தாக்கிற்று. அவற்றில் பெரும்பாலானவை முதற் பத்து நிமிஷத்துக்குள்ளேயே வீழ்ந்தன. அந்தப் பலவீனத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முந்தைய ஆண்டு ஜூலை மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது என்பதுதான் வேதனைக்குரிய செய்தி. மருந்து ஆறு மாதம் அலமாரியில் இருந்தது; கொடுக்க ஆளில்லை.

இம்மூன்றும் அறிவையும் திறனையும் பற்றியவை. இனிச் சுபாவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அழைப்பு வரும்போது, பதினைந்து பேர் காத்திருக்கும் காதுகளோடு ஒரே தொலைபேசி உரையாடலில் கூடியிருக்க, அவர்களில் பாதிப் பேர் சீக்கிரம், சீக்கிரம் என்று அவசரப்படுத்த, நீங்கள் கட்டளையை இடுமுன் எந்தச் சர்வரில் நிற்கிறோம் என்று நிதானமாகப் பார்த்து, செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்லி, மற்றொருவர் ஆமோதித்த பின்பே விசையை அழுத்த வேண்டும். கிட்லேப் சம்பவத்துக்குப் பிறகு அந்நிறுவனத்தார் மேற்கொள்ளத் தீர்மானித்த திருத்தங்களில் ஒன்று, எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது திரையிலேயே பளிச்சென்று வேறுபட்டுத் தெரியும்படி செய்வது. இத்தகைய சின்னஞ்சிறு ஒழுங்குகளை அற்பம் என்று ஒதுக்காத மனம் இந்த உத்தியோகத்துக்கு அத்தியாவசியம். செய்ததையெல்லாம் தேதியிட்டு எழுதிவைக்கும் வழக்கமும் வேண்டும். வேலை செவ்வனே நடந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். ஒன்றும் நேராத நாள்களே நம் வெற்றி என்ற திருப்தியில் வாழக் கூடியவருக்கே இது இன்பமான தொழில். புதிதாக ஒன்றைப் படைத்து நாலு பேருக்குக் காட்டுவதில்தான் என் மனம் நிறைகிறது என்று உணர்கிறவர் நிரல் எழுதும் துறையிலேயே நீடிப்பது அவருக்கும் நல்லது, தரவுக்கும் நல்லது.

எந்தத் துறையிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் குறையும் நிறையும் அமையும். டெவலப்பராக இருந்தவருக்குக் குவெரியின் நுட்பம் கைவந்திருக்கும். வட்டு நிரம்பும்போதும் நினைவகம் வற்றும்போதும் கணினி எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்திருக்காது. சிஸ்டம் நிர்வாகத்திலிருந்து வருகிறவருக்கு நிலைமை இதற்கு நேர்மாறு. சப்போர்ட் பிரிவில் ஷிப்ட் முறையில் பணியாற்றியவர் நெருக்கடியில் பதறாத பழக்கத்தைச் சம்பாதித்திருப்பார். ஆனால் எழுதிக் கொடுத்த நடைமுறையைப் பின்பற்றிப் பழகியபடியால், அந்த நடைமுறை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கும் வழக்கத்தை முயன்று வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தம் குறை இன்னதென்று தெளிவாகச் சொல்லக் கூடியவருக்கு அதை நிரப்புவது பெரிய காரியமாக இராது.

நிரப்புவதற்குப் பணமும் வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் இலவசமாகக் கிடைக்கின்றன. எஸ்க்யூஎல் சர்வரிலும் ஆரக்கிளிலும் கற்போருக்கான விலையில்லாப் பதிப்புகள் உண்டு. ஒரு சாதாரண மடிக்கணினியில் சில லட்சம் வரிகளை நிரப்பி, பேக்கப் எடுத்து, பிறகு நீங்களே அதை அழித்து மீட்டுப் பாருங்கள். பாதி ஓடிக்கொண்டிருக்கும் பணப் பரிமாற்றத்தின் நடுவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மறுபடி எழும்போது தரவுத்தளம் அரைகுறையானதை விலக்கி முழுமையானதை மட்டும் வைத்துக்கொள்ளும் அதிசயத்தைக் கண்ணால் காணுங்கள். இரண்டு பேர் ஒருவர் பிடித்த வரியை மற்றொருவர் எதிர்பார்த்து முன்னும் பின்னும் நகர முடியாமல் நிற்கும் டெட்லாக் நிலைமையை நீங்களே உண்டாக்கி, தரவுத்தளம் அதை எப்படித் தீர்க்கிறது என்று கவனியுங்கள். லாக் கோப்புகளால் வட்டை வேண்டுமென்றே நிரப்பிப் பாருங்கள். ஆபத்தில்லாத இடத்தில் இவற்றையெல்லாம் ஒருமுறை சந்தித்தவருக்கு, ஆபத்துள்ள இடத்தில் அவை புதியனவாக இரா.

மேகக் கணினிச் சேவைகள் வந்துவிட்ட பிறகு இந்த உத்தியோகத்துக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களுடைய கவலை நியாயமானதே. அமேசான் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் ஆர்.டி.எஸ். என்ற தரவுத்தளச் சேவையைத் தொடங்கியது முதல், நிறுவுதல், திருத்தம் பொருத்துதல், பேக்கப் எடுத்தல் ஆகிய பல வேலைகள் மனிதர் கையைவிட்டுப் போய்விட்டன. ஆயினும் அந்தத் தானியங்கிப் பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்க வேண்டும். அதிகபட்சம் 35 நாள். நாற்பது நாளுக்கு முன்பு நேர்ந்த தவறு இன்று தெரியவந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டியவர் மனிதரே. உடலுழைப்பு குறைந்து யோசனை மிகுந்திருக்கிறது. பொறுப்பு இம்மியும் குறையவில்லை.

கடைசியாக, தயாராவதற்கென்று எதையெல்லாம் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தரவுத்தளங்களையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை ஆழமாக அறிந்தவருக்கு மற்றவை வசப்படும். சான்றிதழ் ஒரு வாயிலைத் திறக்கலாம். உள்ளே நிற்க வைப்பது செய்துபார்த்த அனுபவம். பயம் முழுவதும் நீங்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். பிறருடைய உடைமையைக் கையாளும்போது உண்டாகும் அந்த அச்சம், கட்டளையை இரண்டாம் முறை படித்துப் பார்க்கச் செய்யும் நல்ல துணை. நிறுவனங்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது: புதிதாக வருகிறவரை முதல் நாளிலேயே தனியாக இரவுப் பொறுப்பில் நிறுத்தாமல் பழகிய கை ஒன்றைச் சிலகாலம் பக்கத்தில் வைத்திருப்பதும், பேக்கப்பைச் சோதிக்கும் வேலையை இன்னாருடையது என்று பெயர் குறித்து ஒப்படைப்பதும் அவர்களைச் சார்ந்தவை. நீங்கள் செய்ய வேண்டியது, இப்போது இருக்கும் உத்தியோகத்திலேயே அந்தச் சோதனை வேலையை வலியக் கேட்டு வாங்கிக்கொள்வது. மாதந்தோறும் ஒரு பேக்கப்பை ரெஸ்டோர் செய்து, ஆன நேரத்தையும் கண்ட குறைகளையும் எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்து வாருங்கள். சில மாதங்கள் தவறாமல் அதைச் செய்த பிறகும் அந்த வேலையில் உங்களுக்குச் சலிப்புத் தட்டவில்லையென்றால், தயங்காமல் அந்தப் பதவிக்கு விண்ணப்பம் செய்யலாம். தயாராகிவிட்டேனா என்ற சந்தேகத்துக்கு அந்தக் காகிதங்களே போதுமான விடை.